முதலில் காப்பி, அப்புறம்தான் பலகாரம்: சீனியும் பாலும் குறைக்க நினைக்கும் செட்டிநாட்டு வீடுகளுக்கு

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் "இனிமே சீனியக் குறைக்கப் போறேன்" என்று யாராவது சொன்னால், உடனே எழும் கேள்வி, "அப்ப கந்தரப்பம், கும்மாயமெல்லாம் வேண்டாமா?" என்பதுதான். கந்தரப்பத்தின் மேல் பழி போடுவது அநியாயம். அதை வருஷத்துக்கு எத்தனை தடவை சுடுகிறோம்? ஆடி, தீபாவளி, நடுவில் ஏதாவது விசேஷம். காப்பி அப்படியா? எழுந்ததும் ஒன்று, காலைப் பலகாரத்துக்குப் பின் ஒன்று, பதினோரு மணிக்கு யாராவது படியேறினால் அவர்களோடு ஒன்று, சாயங்காலம் ஒன்று. சீனியும் பாலும் வீட்டுக்குள் தினமும் நடமாடுவது அந்தத் தம்ளரில்தான். ஆகவே தினப்படி உள்ளதை முதலில் சரிசெய்வோம். பண்டிகைப் பலகாரத்தைக் கடைசியில், அதுவும் லேசாகத் தொட்டால் போதும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். சீனியைக் குறைப்பதும் பாலைக் குறைப்பதும் ஒரே கணக்கில் வராது. சீனி குறைந்தால் சத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. பாலை எல்லோரும் குறைத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள், கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள், பால் வேண்டாம் என்று தாங்களாகவே முடிவெடுத்தவர்கள் குறைக்கலாம். மற்றவர்கள் சீனியோடு நிறுத்திக்கொண்டாலும் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர்கள்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லாமல் தொடங்க வேண்டாம். மாத்திரை பழைய அளவிலேயே இருக்க, சாப்பாட்டில் இனிப்பு மட்டும் திடீரென்று இறங்கினால், ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோகும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது எல்லாம் அதன் அடையாளம். அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அதனால், ஆர்வக்கோளாறில் வீட்டிலிருக்கும் சீனி டப்பாவையே ஒழித்துவிடாதீர்கள்.

சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரின் பாலில் கை வைக்கும்முன்னும் மருத்துவரைக் கேளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: பி12 வைட்டமின் செடிகொடிகளில் கிடைக்காது. சைவ வீடுகளில் அது வருவது பால், தயிர், மோரிலிருந்துதான். அவற்றை முழுவதுமாக நிறுத்தினால் மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோ அவசியம்.

சாமான் சீட்டைக் கையில் எடுங்கள்

"நான் ரொம்பச் சீனி சேக்க மாட்டேன்" என்று சொல்லாதவர்கள் கிடையாது. வாயைக் கேட்காமல் மாதச் சாமான் சீட்டைக் கேளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 கிலோ சீனி வாங்கினால், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 42 கிராம். அதோடு வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் ஆகியவற்றையும் கூட்டுங்கள். பிஸ்கட், மிட்டாய், கலர் பாட்டில், பேக்கரிச் சாமான் எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை என்பதை மறக்கவேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு இது: சேர்க்கும் இனிப்பிலிருந்து வரும் சக்தி, மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு முதல் வரம்பு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழமும், பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரையும் சேராது. கொய்யாவையும் மாதுளையையும் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

பாலுக்கும் இதே கணக்குப் போடுங்கள். தினம் 2 லிட்டர் வாங்கும் நாலு பேர் வீட்டில் ஆளுக்கு அரை லிட்டர் போகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் பால் அல்லது தயிர் 300 மி.லி. குறைக்க நினைக்கிறவர்கள் முதலில் அந்த அளவுக்கு வந்து நிற்கலாம்.

காப்பித் தம்ளர்

முக்கால்வாசி வேலை இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சீனி டப்பாவுக்குள்ளேயே கிடக்கும் கரண்டியை முதலில் வெளியே எடுங்கள். பல வீடுகளில் அது தேக்கரண்டியே கிடையாது. எப்போதோ ஒரு செட்டில் வந்த பெரிய ஸ்பூன், அதிலும் குவித்து அள்ளுகிற பழக்கம். தலைதட்டிய தேக்கரண்டியில் 4 முதல் 5 கிராம் சீனி பிடிக்கும், குவித்தால் அது 7, 8 கிராம் ஆகிவிடும். இரண்டு கரண்டி வீதம் நாலு காப்பி என்றால், தலைதட்டிப் போட்டாலே 40 கிராம். மருந்துப் பாட்டிலோடு வரும் 5 மி.லி. அளவுக் கரண்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து டப்பாவில் போட்டுவிடுங்கள். அன்றைக்கே கொஞ்சம் குறைந்துவிடும், வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது.

அடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் கரண்டி மட்டும் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்துகிறவர்களில் பலர் மூன்றாம் நாளே திரும்பிவிடுவதைப் பார்க்கிறோம். நாக்கு பழகுவதற்கு அவகாசம் வேண்டும். இரண்டு கரண்டியிலிருந்து அரைக் கரண்டிக்கு இறங்க மூன்று மாதம் ஆகும், ஆகட்டும். அதற்கப்புறம் யாராவது பழைய அளவில் போட்டுக் கொடுத்தால் உங்களுக்கே பாயசம் குடித்த மாதிரி இருக்கும்.

சீனி குறையக் குறையக் காப்பி கசக்கிறதா? டிகாக்ஷனைப் பாருங்கள். சிக்கரி கூடினால் கசப்பும் திடமும் கூடும். காப்பி-சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்க விதியே அனுமதிக்கிறது, பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்கும். அறுபதுக்கு நாற்பது வாங்குகிறவர்கள் எண்பதுக்கு இருபதுக்கு மாறுங்கள். பாலையும் நிறுத்துவதாக இருந்தால் சிக்கரியே இல்லாத தூள்தான் சரி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஃபில்டரில் ஊற்றாமல், அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். காலையில் இறக்கிய டிகாக்ஷனைச் சாயங்காலம் மறுபடி கொதிக்க வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கசப்பை மறைக்கத்தான் நாம் ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாலைக் குறைக்க, தம்ளரைச் சின்னதாக்குவதுதான் எளிய வழி. டபராசெட்டில் பெரியது சின்னது இரண்டும் எல்லா வீட்டிலும் இருக்கும். பால் பாக்கெட்டையும் மாற்றலாம். நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு, நிலைப்படுத்திய பாலில் 4.5, சமன்படுத்திய பாலில் 3. கொழுப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த மாற்றமே போதும். வயிறு உப்புகிறவர்களுக்கு இது உதவாது, ஏனென்றால் பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

நாலு காப்பியில் இரண்டைப் பால் விடாத வரக்காப்பியாக மாற்றுவது அடுத்த கட்டம். பதினோரு மணிக் காப்பியிலிருந்து தொடங்குங்கள். எழுந்ததும் குடிக்கிற காப்பியில் கை வைத்தால் மனசு வீட்டோடு சண்டை போடும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். சாயங்காலத்துக்குச் சுக்கு மல்லிக் காப்பி நல்ல மாற்று. சுக்கையும் கொத்தமல்லி விதையையும் லேசாக வறுத்துப் பொடித்து, நாலைந்து மிளகு சேர்த்துக் கொதிக்கவிட்டு வடிகட்டினால், கருப்பட்டி இல்லாமலே குடிக்க முடியும். முதல் வாரம் முகம் சுளிக்கும், அவ்வளவுதான்.

காப்பியில் தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கருப்பட்டியோடு சேர்ந்தால்தான் அது ருசிக்கும், சீனி இல்லாமல் எண்ணெய் மிதக்கிற மாதிரி வாயில் ஒட்டும். சோயாப் பால் இன்னும் பொருத்தம். சூடான டிகாக்ஷனில் ஊற்றினால் திரியும், ஆகையால் பாலை வெதுவெதுப்பாகச் சூடாக்கித் தம்ளரில் வைத்துக்கொண்டு டிகாக்ஷனை மெல்ல ஊற்றுங்கள். இனிப்பு சேர்க்காததா, கால்சியம் சேர்த்ததா என்று பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். கால்சியம் அடியில் தங்கும், குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும்.

கருப்பட்டி விஷயம்

"சீனிதானே வேணாம், கருப்பட்டி போட்டுத் தர்றேன், ஒண்ணும் செய்யாது." இந்த அன்புக்குப் பதில் சொல்வது கஷ்டம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். உடன்குடியிலிருந்தும் சாயல்குடிப் பக்கமிருந்தும் வரும் நல்ல கருப்பட்டிக்கு மணம் உண்டு, கொஞ்சம் தாது உப்புகளும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சீனியில் இருக்கும் அதே சரக்கு. சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் சந்தையில் நிறையவே நடமாடுகிறது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன், பதநீர் எல்லாவற்றுக்கும் இதே பதில். ருசிக்காகச் சேருங்கள், மருந்து என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். நெடுஞ்சாலையில் கருப்பட்டிக் காப்பி என்று பலகை வைத்த கடைகளில் குடிக்கும்போதும் கணக்கு ஒன்றுதான்.

செயற்கை இனிப்பு மாத்திரைகளைப் பற்றி ஒரு வரி: எடையைக் குறைப்பதற்காக அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது, அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்படி நடக்கட்டும்.

நம் குழம்பில் பால் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை என்பதுதான் நமக்கு அதிர்ஷ்டம். பால் வேண்டாம் என்று முடிவெடுக்கும் வடநாட்டுக்காரர் பன்னீரையும் கிரீமையும் விட்டுவிட்டு என்ன சமைப்பது என்று யோசிக்க வேண்டும். நமக்கு அந்தச் சிக்கல் கிடையாது. கத்தரிக்காய்க் கோசமல்லி புளிக்கரைசலில் நிற்கிறது. வெண்டைக்காய் மண்டி அரிசி களைந்த தண்ணீரில் கொதிக்கிறது. தண்ணிக்குழம்பு, இளங்குழம்பு, உப்புக்கறி, வரமிளகாய்த் துவையல் எதிலும் சொட்டுப் பால் கிடையாது. நம் வீடுகளில் தக்காளிப் பச்சடிகூடத் தயிர் இல்லாமல் பாசிப்பருப்புச் சேர்த்து வைப்பதுதான்.

வெள்ளைத் திரக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் பால் ஊற்றிய மாதிரி இருக்கும். வெண்மை முழுவதும் தேங்காயும் கசகசாவும் கொடுப்பது. நாலு பேருக்கு அரை மூடித் தேங்காய், வெந்நீரில் கால்மணி நேரம் ஊறிய ஒரு ஸ்பூன் கசகசா, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, நாலு முந்திரி, அரை ஸ்பூன் சோம்பு, காரத்துக்கு ஆறேழு பச்சைமிளகாய். இதை வெண்ணெய் மாதிரி அரைத்துக்கொள்ளுங்கள். பட்டை, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயமும் ஒரே ஒரு தக்காளியும் வதக்கி, உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் போட்டு முதலில் தண்ணீரிலேயே வேகவிடுங்கள். காய் வெந்த பிறகுதான் அரைத்தது போக வேண்டும். ஒரு கொதி, நுரை கூடி வரும்போது இறக்கிவிடலாம். நேரம் கூடினால் எண்ணெய் பிரிந்து வெண்மை போய்விடும். சில ஹோட்டல்களில் வெண்மைக்காகப் பாலோ கிரீமோ சேர்ப்பதுண்டு, அது தேங்காயை மிச்சம் பிடிக்கிற வேலை.

இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சீனியும் வைக்கிற வீடுகளில் இந்தத் திரக்கலை வைத்தால் சீனி தானாகவே இலையை விட்டுப் போய்விடும். பணியாரமோ இட்லியோ ஆனால் கோசமல்லி.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்பது சமையல் கணக்கில் சரி, சத்துக் கணக்கில் சரியில்லை. அதில் புரதமும் கால்சியமும் சொற்பம், நிறைவுற்ற கொழுப்பு நிறைய. மூன்று வேளையும் தேங்காய்ப்பாலில் சமைக்க ஆரம்பித்தால் மருத்துவர் கொலஸ்ட்ரால் காகிதத்தைக் காட்டுவார்.

நெய்யை விடுகிறவர்களுக்கு மரச்செக்கு நல்லெண்ணெய் இருக்கிறது. பருப்புப்பொடிச் சோற்றுக்கு நெய்யைவிட நல்லெண்ணெய்தான் மேல் என்பது என் கட்சி.

தயிரும் மோரும்

சோற்றின் கடைசிப் பிடி தயிரில் முடியாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பவர்கள் முழுக்க விட வேண்டியதில்லை. தயிர் உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட நீர்மோராக்கினால் அளவு இன்னும் குறையும். அதையும் விட நினைப்பவர்கள் சாப்பாட்டை ரசத்தோடு முடிக்கப் பழகலாம். காலையில் பழைய சோற்றுக்கு மோர் ஊற்றாமல் நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுக் குடிக்கலாம்.

பால் ஒவ்வாமை என்பது வேறு. அது பாலின் புரதத்தால் வருவது. உடம்பு தடிப்பது, உதடு வீங்குவது, மூச்சுத் திணறுவது இருந்தால் தயிர், மோர், நெய் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

பால் போனால் கால்சியம்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 அளவு. பாலில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 120 மி.கி. கேப்பையில், அதாவது கேழ்வரகில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 360 மி.கி. அதனால் கேப்பைக் கூழ், கேப்பைப் புட்டு, கேப்பை அடை என்று ஏதாவது ஒன்று வாரத்தில் நாலைந்து நாள் வரட்டும். புட்டுக்குச் சீனி தூவாமல் தேங்காய்ப்பூவும் உப்பும் போதும். முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது. எள்ளுப்பொடியை இட்லிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் எள்ளில் உள்ள கால்சியம் முழுதும் உடம்பில் ஒட்டாது, அதை மட்டும் நம்ப முடியாது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி. தொண்டிப் பக்கக் கடற்கரையிலிருந்து மீன் வருகிற ஊர்களில் இதற்குப் பஞ்சமில்லை. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், ஆகவே முற்றத்து வெயிலிலும் கொஞ்சம் நில்லுங்கள்.

கடைப் பாக்கெட்டும் ஜூஸ் கடையும்

பாக்கெட்டில் சேர்மானப் பட்டியல் எடை வரிசையில்தான் இருக்கும். முதல் மூன்றுக்குள் சீனி வந்தால் அது இனிப்புப் பண்டம், அட்டையில் என்ன படம் போட்டிருந்தாலும் சரி. சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப் எல்லாம் அதே குடும்பம். பால் திடப்பொருள், வே, கேசினேட் என்று போட்டிருந்தால் பால் இருக்கிறது. பால் சேர்ந்த பொருளில் அதை ஒவ்வாமைக் குறிப்பாகவும் அச்சிட வேண்டும் என்பது விதி. அட்டவணையில் 'சேர்த்த சர்க்கரை' என்ற வரியைத் தேடுங்கள். காப்பிக்குத் தொட்டுக்கொள்ளும் சாதாரண மாரி பிஸ்கட்டிலேயே 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் சீனி இருக்கும்.

பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களில் சில, மூன்றில் ஒரு பங்கு சீனி கொண்டவை. இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறீர்களா, பாலாகவே கொடுங்கள்.

ஜூஸ் கடையில் கேட்காமலே சீனி விழும், சில பழங்களுக்குப் பாலும் விழும். "சீனி, பால் ரெண்டும் வேணாம், ஐஸ் மட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மிக்ஸியில் போடும்முன் நிறுத்தலாம். கோலா வகைப் பாட்டில் ஒன்றில், 250 மி.லி.யில், ஏறத்தாழ 25 கிராம் சீனி. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. சாயங்காலப் பசிக்குச் சுண்டல், அவித்த கடலை, தை மாசத்தில் பனங்கிழங்கு.

பலகாரத்துக்கு வருவோம்

எந்தப் பலகாரத்தில் இனிப்பைக் குறைக்க முடியும், எதில் முடியாது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

அதிரசத்தில் குறைக்க முடியாது. பாகுதான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது, அதைக் குறைத்தால் எண்ணெயில் பிரிந்துபோகும். ஆகவே வட்டத்தைச் சின்னதாகத் தட்டுங்கள், உள்ளங்கை அளவுக்குப் பதில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக. மாவுருண்டையும் அப்படித்தான், காய்ச்சிய நெய் இல்லாமல் உருண்டை பிடிபடாது. எலுமிச்சை அளவை நெல்லிக்காய் அளவாக்குங்கள்.

கவுனி அரிசியில் தாராளமாகக் குறைக்கலாம். பர்மா போய் வந்தவர்களோடு வந்த அரிசி என்பார்கள். இரவெல்லாம் ஊறவைத்து, குழைய வேகவிட்டு, சூட்டோடு மசித்து, சீனியை வழக்கத்தில் பாதியாகவும் தேங்காய்ப்பூவைக் கூடுதலாகவும் போட்டுப் பாருங்கள். நெய்யை விட்டாலும் தேங்காயின் எண்ணெயே பளபளப்புக் கொடுக்கும். கறுப்பு அரிசி என்பதால் சர்க்கரை நோயாளிகள் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது ஒட்டுகிற வகை அரிசி, அதன் மாவுச்சத்து சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறும். அவர்களுக்கு இரண்டு ஸ்பூன் போதும்.

பால் கொழுக்கட்டை, பால் பணியாரம் இரண்டையும் முழுக்கத் தேங்காய்ப்பாலிலேயே செய்யலாம். இரண்டாம் மூன்றாம் பாலில் கொழுக்கட்டையை வேகவிட்டு, இனிப்பைக் கரைத்து, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை ஊற்றுங்கள். பசும்பாலில் வெல்லம் போட்டால் திரிந்துவிடுமோ என்ற பயமும் இதில் இல்லை. ஏலக்காயைச் சற்றுக் கூடத் தட்டிப் போட்டால் இனிப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது.

வெள்ளைப்பணியாரத்துக்கு வெண்மை வேண்டும் என்று சிலர் மாவில் ஒரு கரண்டிப் பாலும் சிட்டிகைச் சீனியும் சேர்ப்பார்கள். தேவையே இல்லை. ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி எடுத்து, அதே உழக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்தால் பால் இல்லாமலே வெள்ளையாக எழும்பி வரும். எண்ணெய்ப் பலகாரம் என்பதால் தினமும் வேண்டாம், அவ்வளவுதான்.

ஆடிக் கும்மாயத்தை விட்டுவிடுங்கள். உளுந்தை வறுத்து, திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நெய் விட்டு வருஷத்தில் ஒரு நாள் செய்கிற பண்டத்தில் நெய்யைக் குறைத்து, கருப்பட்டியைக் குறைத்துக் களியாக்கி வைப்பதில் அர்த்தமில்லை. சரியாகச் செய்து சின்னக் கிண்ணத்தில் சாப்பிடுங்கள்.

சம்படத்தில் சீர்ப் பலகாரம் வந்து இறங்கினால், அன்றைக்கே ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும் பங்கு பிரித்துவிடுங்கள். அலமாரியில் இருந்தால் ராத்திரி பத்து மணிக்குக் கை தானாகப் போகும்.

உறவு வீட்டில்

வாசலில் காலை வைத்ததும் காப்பி வரும். ஒன்றும் வேண்டாம் என்றால் மனத்தாங்கல். அதனால் வேண்டாம் என்று சொல்லாமல், வேண்டியதைக் கேளுங்கள், அதுவும் அவர்கள் அடுப்படிக்குப் போகும்முன்.

"காப்பி போடட்டுமா தம்பி?"

"வரக்காப்பி தாங்க ஆச்சி, சீனி வேணாம்."

"ஏன், சுகரா? இந்த வயசுலயா?"

"இல்ல ஆச்சி, வரவேணாம்னுதான்."

"அப்ப ரெண்டு முறுக்காவது எடுத்துக்கிருங்க."

முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மறுப்பவரை அடுத்த முறை யாரும் வற்புறுத்த மாட்டார்கள், கூப்பிடவும் யோசிப்பார்கள். கல்யாணப் பந்தியில் இனிப்பு முதலிலேயே இலையின் ஓரத்தில் வந்துவிடும். அதில் ஒன்றை ருசித்துவிட்டு, பாயசம் வரும்போது இலைக்கு மேல் கையைக் காட்டினால் பரிமாறுகிறவர் நகர்ந்துவிடுவார். வீணாக்கி எழுந்திருப்பதைவிட இது மரியாதை.

ஹோட்டலில் கேட்க வேண்டியது இரண்டு. பரோட்டா மாவில் சீனியும் பாலும் சேர்த்துப் பிசைகிற கடைகள் நிறைய. 'செட்டிநாடு' என்று பெயர்ப்பலகை வைத்துவிட்டுக் கோழிக் குழம்பில் தயிரும் கிரீமும் ஊற்றுகிற கடைகளும் உண்டு. மிளகுக் கோழியோ உப்புக்கறியோ கேட்பது பாதுகாப்பு.

பால் உங்களுக்கு எவ்வளவு ஒத்துக்கொள்ளும்?

வயிற்றுத் தொந்தரவுக்காகப் பாலை நிறுத்துகிறவர்கள் இரண்டு வாரம் பால் பொருள் எதுவும் இல்லாமல் இருந்து பாருங்கள். பிஸ்கட், பன், சாக்லேட் உட்பட. வயிறு அமைதியானால், இந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்: முதலில் நெய், அதில் லாக்டோஸ் அனேகமாக இல்லை. மூன்று நாள் கழித்து நீர்மோர். அப்புறம் தயிர். அப்புறம் காப்பியில் கால் தம்ளர் பால், கடைசியில் அரைத் தம்ளர். எந்தப் படியில் வயிறு இரைகிறதோ, அதற்கு முந்தைய படி உங்கள் எல்லை. பலர் தயிரில் நிற்பார்கள், சிலர் காப்பிப் பால்வரை போய்விடுவார்கள். இரண்டு வாரம் பால் இல்லாமல் இருந்தும் வயிற்றுப்போக்கு தொடர்ந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ அது பால் விவகாரம் இல்லை. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.